ஜன்னல் வெளுத்தால் யார் செலவு?

பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ கடலோரம் குடியிருப்பவர்கள் ஜன்னலின் அலுமினிய ஃபிரேமைத் தடவிப் பார்த்தால் விரலில் வெள்ளை மாவு ஒட்டும். ஊசிமுனைக் குழிகளும் தெரியலாம். ‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்று கடையில் சொன்னது பாதிதான் உண்மை. செந்துரு ஏறாது, சரி. ஆனால் உப்புக்காற்றில் உள்ள குளோரைடு அதன் ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும். பவுடர் கோட்டிங்கையோ வெயிலே பொடியாக்கிவிடும்.

உடனே பெயின்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். பெயின்ட் அடித்துவிட்டால் குறைக்கான சாட்சி அதற்கடியில் போய்விடும். புது அடுக்குமாடி வீடு என்றால், சாவி வாங்கி 5 ஆண்டுக்குள் தெரியவரும் வேலைத்தரக் குறைகளைச் சொன்ன 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. கோட்டிங் உரிவதை இதன்கீழ் கேட்கலாம். ‘நீங்கள் கழுவாமல் விட்டதால் வந்தது’ என்று பில்டர் கைவிரிக்கப் பார்ப்பார். அதனால் தேதியோடு படம் எடுத்து, எழுத்து மூலமாகவே கேளுங்கள். மசியாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

வாடகை வீடா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தாலொழிய, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது வீட்டுக்காரர் பொறுப்பு. உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது ‘பெயின்டுக்கு’ என்று அட்வான்ஸில் பிடித்தால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

நீங்களே செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் எச்சரிக்கை தூசி பற்றியது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கசடைத் துணியில் வழித்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வர வேண்டாம். அலுமினியத்துக்கென்று கடையில் நீட்டும் மஞ்சள் ஜிங்க் குரோமேட் பிரைமரில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. ஜிங்க் பாஸ்பேட் அல்லது எபாக்சி பிரைமர் கேளுங்கள். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தையே அரிக்கும். இரும்பு பிரஷ்ஷும் ஆகாது. அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு பிறகு துருக்கறை விடும்.

வேலை எளிதுதான்: சோப்புத் தண்ணீரில் கழுவி, 320 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, மறுபடி கழுவிக் காயவிட்டு, தின்னர் துணியால் துடைத்து அன்றைக்கே பிரைமர். அது காய்ந்தபின் மெல்லிசாக இரண்டு கோட். நடுப்பகலில், தொட்டால் சுடும் ஃபிரேமில் அடிக்காதீர்கள். அடிச்சட்டத்தில் மழைத்தண்ணீர் வடியும் சின்னத் துளைகளைப் பெயின்ட் அடைத்துவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். பலர் இதைக் கவனிப்பதில்லை. மாடியில் வெளிப்புறத்தைச் சாரம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஆள் வைத்தால் பிரைமரின் பெயர், எத்தனை கோட் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு உரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பாக்கிப் பணத்தை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். பூச்சு நன்றாக இறுகியபின் ஒரு மூலையில் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் பெயின்டரையும் திரும்ப வரச் சொல்லுங்கள்.