கார் மிஸ்ஸிங் ஆகிறதா? காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது உங்கள் பழைய கார் உதறுகிறதா? உதிரிபாகம் வாங்கும் முன் காரில் உள்ள கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்கள். பழுதைக் கண்டறியும் ஓபிடி-2 வசதி அமெரிக்காவில் 1996லும் இந்தியாவில் 2013லும் கட்டாயமானது. ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகி, ஆண்ட்ராய்டு போனில் அதற்கான அப்ளிகேஷனைத் திறந்தால் பிழை எண் கிடைக்கும்.

பி0301 என வந்தால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எந்தப் பாகம் பழுது என்பதை அது சொல்லாது. கம்ப்யூட்டரில் ராமை ஸ்லாட் மாற்றிச் சோதிப்போம் அல்லவா? அதே வழிதான் இங்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள கார் என்றால், இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பின் முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றுங்கள். பிழை எண்ணை அழித்துவிட்டு, இன்ஜினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். பி0302 வந்தால் காயில்தான் பழுது. மீண்டும் பி0301 வந்தால் காயில் வாங்கும் செலவு மிச்சம். அடுத்து ஸ்பார்க் பிளக், பிறகு இன்ஜெக்டர் என வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.