21ஆம் நாள் ஊசி

ஊசி அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும் பிள்ளைகளில், பெனிசிலின் போட வந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. மற்றவை கதவைப் பார்த்ததும் அழும். இது அழாது. கையில் மடங்கிக் கசங்கிய ஒரு கார்டு இருக்கும். முறை வந்ததும் கட்டிலில் தானே ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு, "போன தடவ எடது பக்கம் சிஸ்டர், இன்னிக்கு வலது" என்று சொல்லும். ஒன்பது, பத்து வயதுக்குள் இப்படிச் சொல்லப் பழகிவிட்ட பிள்ளைகள் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இன்னமும் இருக்கிறார்கள்.

ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தில் காயம்பட்ட பிள்ளைகள் இவர்கள். ஊரில் கேட்டால் "இதயத்துல ஓட்டை" என்பார்கள். பிள்ளைக்கு இதயத்தில் எது வந்தாலும் ஓட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஓட்டை பிறவியிலேயே வருவது. இது பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிறகு, பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொண்டை வழியாக வருவது.

சாதாரணத் தொண்டை வலிதான் தொடக்கம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் தங்கும், நாலு நாளில் வலி தானாகக் குறையும், வீட்டில் மறந்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கும், பிறகு மணிக்கட்டு. கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தி, கிருமியின் சாயலில் இருக்கும் சொந்தத் திசுக்களையும் தாக்குவதால் வரும் அழற்சி இது. "வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்ப்பார்கள். மூட்டு வலி வந்த சுவடில்லாமல் போய்விடும். இதய வால்வில் பட்டது மட்டும் போவதில்லை. இந்தக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கிறது என்று மருத்துவர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு பேச்சு உண்டு.

ஒரு முறை கடித்ததோடு விட்டால் பல இதயங்கள் ஓரளவு தேறிக்கொள்ளும். அடுத்த தொண்டை வலி, அடுத்த தாக்குதல், அதற்கும் அடுத்தது என்று தொடர்ந்தால்தான் வால்வின் இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுருங்கிப்போகின்றன. உலகில் 4 கோடிக்கும் அதிகமானோர் இப்படிக் கெட்ட வால்வுகளோடு வாழ்கிறார்கள். அந்த அடுத்த தாக்குதலைத் தடுக்கும் மருந்து 1950களிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. பென்சத்தின் பெனிசிலின். தசையில் போட்டால் மெல்ல மெல்லக் கசிந்து மூன்று வாரம் ரத்தத்தில் நிற்கும். விலையும் அதிகமில்லை. மருந்து கண்டுபிடித்து எழுபது ஆண்டுகளாகியும் இந்த நோய் ஒழியாததற்குக் காரணம் தேடினால், மருந்துக் குப்பிக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் வந்து நிற்கிறோம். அந்தத் தூரத்தில் நிற்பவர் செவிலியர்.

கணக்கு இதுதான். எடை 27 கிலோவுக்கு மேல் என்றால் 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒரு முறை. அதற்குக் கீழே என்றால் 6 லட்சம், 15 நாளுக்கு ஒரு முறை. இதயம் பாதிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது வரை, இரண்டில் எது நீளமோ அது. இதயத்தில் பட்டிருந்தால் பத்து ஆண்டு அல்லது 25 வயது வரை. கடுமையாகக் கெட்டிருந்தால் 40 வயது வரையிலோ ஆயுள் முழுக்கவோ. ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளை 25 வயதைத் தொடும்போது 270 ஊசிக்கு மேல் போட்டிருக்கும். ஒவ்வொன்றும் வலிக்கும் ஊசி.

வலியைக் குறைப்பது செவிலியரின் கையில் இருக்கிறது. மருந்து வெள்ளைத் தூளாக வருகிறது. ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் குலுக்கினால் சுண்ணாம்புப் பால் போலக் கெட்டியாகும். சிரிஞ்சில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் அடியில் படிந்து ஊசியை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பாதியில் உருவி, ஊசி மாற்றி, இன்னொரு முறை குத்த வேண்டும். அனுபவமுள்ள சிஸ்டர் பிள்ளை படுத்த பிறகுதான் மருந்தைக் கலக்குவார். சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிச் சில்லிப்பைப் போக்குவார். குத்தப்போகும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பிடிப்பார். பிறகு அவசரமில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மருந்தைச் செலுத்துவார். மருத்துவர் எழுதியிருந்தால் லிக்னோகெயினில் கலந்தும் போடுவதுண்டு. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் ஓபியில் ஒரு பிள்ளைக்காக மூன்று நிமிடம் ஒதுக்குவது லேசான காரியமில்லை. அப்படி ஒதுக்குகிறவர் இருந்தால் அந்தப் பிள்ளை 22ஆவது ஊசிக்கும் வரும். ஒரே அழுத்தில் மருந்தை ஏற்றிவிட்டு "அடுத்து" என்று கூப்பிடுகிறவரிடம் வந்த பிள்ளை, அடுத்த முறை வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காது.

இன்னொரு தடை, பயம். பெனிசிலின் என்றாலே கையை விலக்கிக்கொள்ளும் மருத்துவமனைகள் நிறைய. "ரியாக்‌ஷன் வந்தா யார் பொறுப்பு? ஜிஎச்சுக்கே போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பயம் பொய்யில்லை. ஆனால் அதன் அளவை எண்ணில் பார்க்க வேண்டும். 11 நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்து 1991இல் வெளியான ஆய்வில், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நான்கு பேருக்கு வந்தது. ஒருவர் இறந்தார். அந்த ஒருவருக்காகத்தான் டெஸ்ட் டோஸும், கைக்கெட்டும் இடத்தில் அட்ரினலினும், ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார வைப்பதும். நூற்றுக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளை இரண்டு பஸ் மாறி நகரத்துக்கு வரவைக்க அது காரணமாகிவிடக் கூடாது.

அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் வெளியிட்ட ஓர் அறிவுரை இந்தப் பயத்தை வேறு பக்கம் திருப்பியது. ஊசி போட்டதும் நேர்ந்த சில மரணங்கள் ஒவ்வாமையால் வந்தவையாக இல்லாமல், ஏற்கெனவே வால்வு மிக மோசமாகிவிட்டவர்களுக்கு வலியாலும் பதற்றத்தாலும் ரத்த அழுத்தம் சரிந்து வந்தவையாக இருக்கலாம் என்றது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையே பாதுகாப்பு. மற்றவர்களுக்குக் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை: வெறும் வயிற்றோடு வரக் கூடாது, தண்ணீர் குடித்திருக்க வேண்டும், படுக்க வைத்துத்தான் போட வேண்டும். ஆகவே "மாடி ஏறினா மூச்சு வாங்குதா? ராத்திரி எத்தன தலகாணி வெச்சுப் படுக்கற?" என்று மருந்தைக் கலக்கும் முன் கேட்கும் சிஸ்டர் உயிர்காக்கும் கேள்வியைக் கேட்கிறார்.

வார்டில் சேர்க்கும் அளவுக்கு அழற்சி முற்றிய பிள்ளையிடம் வேலை இன்னும் நுட்பமானது. எனக்கு மிகவும் பிடித்தது தூக்க நாடி. காய்ச்சல் அடிக்கும் எந்தப் பிள்ளைக்கும் நாடி வேகமாக ஓடும். அசந்து தூங்கினால் குறையும். இதயத் தசையே அழன்றிருந்தால் தூக்கத்திலும் அவ்வளவாகக் குறையாது. ஆகவே நைட் டூட்டி சிஸ்டர், பிள்ளையை எழுப்பாமல் கட்டிலோரம் குனிந்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுகிறார். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இங்கே உதவாது. காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் கேஸ் ஷீட்டில் முதலில் தேடுவது இரவு இரண்டு மணிக்கு எழுதிய அந்த எண்ணைத்தான்.

சில பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக, நோய் மூளையைத் தொடும். கை கால்கள் தாமாக இழுத்து ஆடும். கொரியா என்று பெயர். நேற்றுவரை முத்து முத்தாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து கோணும். தட்டு நழுவும். காரணமில்லாமல் அழும். பள்ளியில் அடி, வீட்டில் திட்டு, கடைசியில் மந்திரிப்பு. வார்டில் அந்தப் பிள்ளையிடம் செவிலியர் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் புடி கண்ணு" என்பார். பிடி இறுகும், தளரும், மறுபடி இறுகும், மாட்டுக்காம்பில் பால் கறப்பது போல. அந்தப் பிடியை ஒரு முறை உணர்ந்தவருக்கு மறக்காது. கட்டிலின் கம்பிகளில் போர்வை சுற்றிக் கட்டுவதும், கண்ணாடி டம்ளரை எடுத்துவிடுவதும், தாயைத் தனியே அழைத்து "உங்க பொண்ணு வேணும்னு செய்யல, இது சரியாயிடும்" என்று சொல்வதும் சிகிச்சைதான். ஒரு மாதமாக மகளை அடித்துக்கொண்டிருந்த தாய் அந்த இடத்தில் உடைந்து அழுவாள். அவளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

அழற்சி இதயத்தோடு நிற்பதில்லை. வேறொரு நோயாக ரத்தக் குழாய்களிலும் வரும். அப்போது செவிலியரின் விரல்தான் பல நேரம் முதல் சாட்சி. மிகிட்டோ தகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரைக் குழாய்களில் கண்ட மாற்றத்தை 1908இல் பதிவு செய்தார். அவர் பெயராலேயே இன்று வழங்கும் நோய், பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் உள்ளிருந்து தடிக்க வைத்துக் குறுக்கிவிடும். நாற்பதுக்கு உட்பட்ட பெண்களுக்கே பெரும்பாலும் வருகிறது. நம் நாட்டிலும் பரவலாகக் காணப்படும் இந்த நோய்க்கு, அதன் வேகத்தை அளக்கும் மதிப்பெண் முறையை இந்திய மருத்துவர்களே உருவாக்கியிருக்கிறார்கள்.

இந்த நோயாளியின் இடது மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போகலாம். பிபி பார்த்தால் 80 காட்டும். பதறிப்போய் ட்ரிப் ஏற்றினால் விபரீதம், ஏனென்றால் வலது கையில் அதே நேரத்தில் 180 இருக்கலாம். குறுகிய குழாயைத் தாண்டி வரும் அழுத்தம் உடம்பின் உண்மையான அழுத்தம் இல்லை. இரு கைகளிலும், தேவையானால் தொடையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் இடம் எதுவென்று கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டிவைப்பது ஒரு நிமிட வேலை. அடுத்த ஷிப்ட் அதைப் படிக்கும். அந்தச் சீட்டு இல்லாத வார்டில், ஆள் மாறும்போதெல்லாம் நோயாளியின் பிபியும் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பெண்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் போகும். முகம் உப்பும், பரு வரும், மயிர் முளைக்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் வயது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இதை மிரட்டலாகச் சொன்னால் பலிக்காது. டோஸ் குறையக் குறைய முகமும் பழையபடி வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் சிஸ்டர் சொன்னால்தான் கேட்பார்கள். மருத்துவரிடம் கேட்கக் கூசிய கேள்விகளெல்லாம் அவரிடம்தான் வரும்.

வால்வுக்கே திரும்புகிறேன். வேலூர் சிஎம்சியில் ஸ்டான்லி ஜான் குழுவினர், ஒட்டிப்போன மைட்ரல் வால்வை இதயத்தைத் திறக்காமலே விரித்துவிட்ட 3,724 பேரின் கணக்கை 1983இல் வெளியிட்டார்கள். ஒரே மருத்துவமனையில் அத்தனை பேர் என்றால் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். விரிக்க முடியாதவர்களுக்குச் செயற்கை வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டு, இன்றுவரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் துடிக்கிறது. இரவின் அமைதியில் அதன் 'டிக் டிக்' பக்கத்தில் படுத்தவருக்கும் கேட்கும். அந்தச் சத்தம் தெளிவாக இருக்கும்வரை நல்லது, மங்கினால் உடனே ஓடி வா என்று வீட்டுக்கு அனுப்பும் நாளில் சொல்லித் தருகிறார்கள்.

வால்வு மாற்றியவருக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுள் முழுக்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் மூளையில் கசியும். நடுவே நடக்க ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. "கீரையே தொடக் கூடாதாம்" என்று முருங்கைக் கீரையை வீட்டைவிட்டே விரட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி விரட்ட வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை உண்டால் எப்போதும் இரண்டு முறை உண்ண வேண்டும், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று ஆட்டம் காட்டக் கூடாது, அவ்வளவே. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான் நிஜமான எமன். இளம்பெண்ணாக இருந்தால் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: நாள் தள்ளியிருக்கிறதா? வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கத் தெரிந்த செவிலியரிடம்தான் பதில் கிடைக்கும்.

பல பெண்களுக்குப் பெனிசிலின் ஊசி நிற்பதே கல்யாணத்தில்தான். கார்டைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். பிறகு ஆறாம் மாத வயிற்றோடு மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். உலக சுகாதாரச் சபை 2018இல் இந்த நோய்க்கென்றே ஒரு தீர்மானம் இயற்றி, நாடுகள் இதில் அக்கறை காட்ட வேண்டும் என்றது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளையும் பசிபிக் தீவுப் பிள்ளைகளையும் தேடிச் சமூகச் செவிலியர்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் ஊசி போடுகிறார்கள். இங்கே தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இலிருந்து சர்க்கரைக்கும் பிபிக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிறது. ஊசியை வாசலில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதற்கான பாதுகாப்பு வேண்டும். அந்த மாத்திரைப் பையிலேயே பெனிசிலின் பிள்ளைகளின் பட்டியலும் இருந்து, 18ஆம் நாள் ஒருவர் கதவைத் தட்டி "ஊசி நாள் வருதுங்க" என்று சொன்னால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயங்காமல் போட ஒருவர் இருந்தால் போதும்.

அதுவரை அந்த வேலையைக் கார்டும் சிஸ்டரின் நினைவும்தான் செய்கின்றன. மருந்தை ஏற்றி முடித்து, பஞ்சை வைத்து அழுத்தியபடியே சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார். மூன்று வாரம் எண்ணினால் தீபாவளியன்று வருகிறது. நாள் முந்தலாம், பிந்தக் கூடாது. கார்டில் தீபாவளிக்கு முந்தின நாளை எழுதி, அடியில் கோடு போட்டு, பிள்ளையின் தாயிடம் நீட்டுகிறார்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போங்கம்மா. காலைல சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வாங்க. அடுத்தது எடது பக்கம்."

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்கிறது கட்டிலிலிருந்து இறங்கும் பிள்ளை.