சென்னைப் பேச்சுத் தமிழில் பால் காட்டாப் படர்க்கைப் பெயர்களும் மரியாதை வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ காட்டாமல் சுட்டுவதற்குத் தமிழில் சொல் உண்டா என்னும் வினாவிற்கு ‘அவர்’ என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. எழுத்துத் தமிழுக்கு இவ்விடை பொருந்துகிறது. பேச்சுத் தமிழுக்கு அவ்வாறே பொருந்துவதில்லை. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வழங்கும் அன்றாடப் பேச்சில் ‘அவரு’ ஆண்பால் சாயலைப் பெற்றுவிட்டது. பால் காட்டாப் பணியை ‘அவங்க’ என்னும் வடிவம் ஏற்றுள்ளது. இவ்விரு வடிவங்களும் பன்மையிலிருந்து மரியாதை ஒருமைக்கு வந்தவை. ஆகவே, தமிழில் பால் காட்டாமை என்பது மரியாதையோடு பிணைந்தே கிடைக்கிறது. மரியாதை மறுக்கப்படுபவருக்குப் பால் காட்டாப் பெயரும் மறுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படர்க்கை, பலர்பால், மரியாதைப் பன்மை, பேச்சுத் தமிழ், வினைமுற்று, திருநர்

முன்னுரை

சுவீடன் நாட்டில் ‘அவன்’, ‘அவள்’ என்னும் பொருளுடைய இரு சொற்களுக்கு இடையே ‘ஹென்’ என்னும் புதிய சொல் வழக்கிற்கு வந்து, 2015இல் சுவீடிய அகாதெமியின் சொற்பட்டியலில் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் பன்மைக்குரிய ‘தே’ என்னும் சொல் ஒருவரைச் சுட்டவும் பயன்படுகிறது. இவற்றின் தாக்கத்தால், தமிழிலும் இத்தகைய சொல் தேவையா என்னும் உரையாடல் கல்விப் புலத்திலும் ஊடகத்திலும் நிகழ்ந்துவருகிறது.

தமிழின் நிலை இவ்விரு மொழிகளினின்றும் வேறானது. தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் பால் காட்டுவதில்லை. நான், நாம், நீ, நீங்கள் ஆகியன ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நீ, நீயிர் என்பன பால் விளங்காதவை என்று தொல்காப்பியமும் குறிக்கிறது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இல்லாத பால், பேசப்படுபவருக்கு மட்டுமே வந்து சேர்கிறது. எனவே, இச்சிக்கல் முழுவதும் படர்க்கையைச் சார்ந்தது. பெரும்பாலும் அவ்விடத்தில் இல்லாத ஒருவரை, அவரது விருப்பம் அறியாமலே, பிறர் எவ்வாறு சுட்டுகின்றனர் என்பதே இங்கு வினா.

இலக்கண மரபில் பால் காட்டாமை

தொல்காப்பியம் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால்களை வகுக்கிறது. இவற்றுள் பலர்பால் மட்டும் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆடவர் பலராயினும், மகளிர் பலராயினும், இருவரும் கலந்தவராயினும் ‘அவர் வந்தார்’ என்பதே வடிவம். அதாவது, உயர்திணையில் பால் காட்டா ஈறு பன்மைக்கே உரியது. ஒருமைக்கு அது வேண்டுமாயின் பன்மையிலிருந்து கடன் பெறுவதே வழி.

இக்கடன் பழமையானது. ‘ஒருவர்’ என்னும் சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்றும், அது பன்மை வினையை ஏற்கும் என்றும் தொல்காப்பியப் பெயரியல் கூறுகிறது. நன்னூலும் இக்கருத்தை வழிமொழிகிறது. பொருளில் ஒருமை, முடிபில் பன்மை, பாலில் பொதுமை என்னும் மூன்றும் கூடிய சொல் இலக்கண நூல்களாலேயே ஏற்கப்பட்டிருந்தமை இதனால் புலப்படும்.

ஒருவரைப் பன்மையால் கூறும் மரியாதை வழக்கைத் தொல்காப்பியர் வேறு வகையில் நோக்குகிறார். அது உலக வழக்கில் தோன்றிய உயர்சொல் என்றும், இலக்கண முறைமைக்கு உரியதன்று என்றும் கிளவியாக்கத்தில் குறிக்கிறார். பவணந்தியார் நன்னூலில் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மயங்கி வருதல் இயல்பு என ஏற்கிறார். இன்றைய பேச்சு வழக்கை விளக்க இந்நூற்பா பெரிதும் துணைசெய்கிறது. மரியாதையால் ஒருவரை ‘அவர்’ என்பதும், அன்பால் குழந்தையை ‘அது’ என்பதும், இகழ்ச்சியால் மனிதரை ‘அது’ என்பதும் இந்த ஒரே விதியின் வேறு வேறு முனைகளாகும்.

‘அவர்’ பெற்ற மாற்றம்

‘அவர்’ ஒருமை மரியாதைக்குப் பெருவழக்கானபோது, பன்மையைத் தெளிவாகக் காட்ட ‘கள்’ ஈறு சேர்ந்து ‘அவர்கள்’ என்னும் வடிவம் நிலைபெற்றது. இதுவே பேச்சில் ‘அவங்க’ ஆயிற்று. பின்னர் ‘அவங்க’ என்பதும் ஒருவரைச் சுட்டும் மரியாதைச் சொல்லாக மாறியது. பன்மை மரியாதை ஒருமையாவதும், அதன் இடத்தை நிரப்பப் புதிய பன்மை தோன்றுவதும், அப்புதிய பன்மையும் ஒருமைக்கு இறங்கிவருவதும் தமிழில் இருமுறை நிகழ்ந்துள்ளன.

இதன் விளைவாக எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே ஒரு பிளவு தோன்றியது. எழுத்தில் ‘அமைச்சர் வந்தார்; அவர் பேசினார்’ என்னும் தொடர் அமைச்சர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டாது. சென்னைப் பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் கேட்பவர் ஆணையே எண்ணுவர். பெண்ணை மரியாதையோடு சுட்ட ‘அவங்க வந்தாங்க’ என்பதே இயல்பு. ‘அவர்’ எழுத்தில் பொது, பேச்சில் ஆண்பால் என்னும் இந்த வேறுபாட்டைக் கருதாமல் ‘தமிழில் ஏற்கனவே பொதுச்சொல் உண்டு’ என்று கூறுவது பாதி உண்மையே.

‘ஒருத்தங்க’ என்னும் வடிவம் இங்கு நோக்கத்தக்கது. ‘ஒருவர்’ பேச்சில் ‘ஒருத்தர்’ ஆகி, ‘ஒருத்தர் வந்தாரு’ என ஆண்பால் சாயல் பெற்றதும், ‘ஒருத்தங்க வந்தாங்க’ என்னும் புதிய வடிவம் வழக்கிற்கு வந்தது. ‘ஒரு’ என்னும் எண்ணோடு பன்மை ஈறு சேர்வது ஏரணத்திற்கு முரணாகத் தோன்றலாம். ஆயினும் தொல்காப்பியர் ‘ஒருவர்’ என்பதில் கண்ட அதே அமைப்பைப் பேச்சுவழக்கு மீண்டும் உருவாக்கிக்கொண்டுள்ளது. எவரும் திட்டமிட்டுப் படைக்காத பொதுச்சொல் இது.

வினைமுற்றின் பங்கு

பெயரைத் தவிர்த்துவிட்டால் பால் மறைந்துவிடும் என்று கருத இயலாது. தமிழில் வினைமுற்றே திணை, பால், எண், இடம் காட்டும். வந்தான், வந்தாள் என்னும் வினைகள் எழுவாய் இன்றியே பால் உணர்த்துகின்றன. மலையாளத்தில் வினைமுற்று இவ்வீறுகளை இழந்துவிட்டதால் அங்குப் பால் பெயரோடு நின்றுவிடுகிறது. இந்தியில் ‘வஹ்’ என்னும் படர்க்கைப் பெயர் இருபாலுக்கும் பொது. ஆனால் பல வினை வடிவங்கள் பால் காட்டும். தமிழிலோ பெயர், வினை இரண்டும் பால் காட்டுகின்றன.

எனினும் தமிழ்த் தொடரமைப்பில் பால் தோன்றாத இடங்கள் பல உள்ளன. ‘வரவில்லை’ என்னும் எதிர்மறை எல்லாப் பாலுக்கும் பொது. தெரியும், பிடிக்கும், வேண்டும், முடியாது போன்ற வினைகள் எழுவாயின் பாலைக் காட்டுவதில்லை. வந்த, வந்து போன்ற எச்சங்களும் அவ்வாறே. ‘யார் வந்தது?’ என்னும் வினா, வந்தவரின் பாலை அறியாமலே கேட்கப்படுகிறது. ‘தான்’ என்னும் தற்சுட்டுப் பெயர் மரியாதையின் துணையின்றியே இருபாலுக்கும் பொதுவாக நிற்கிறது. ஆனால் அது முன்னர்ச் சுட்டப்பட்ட ஒருவரை மீளச் சுட்டவே பெரும்பாலும் பயன்படும். பால் காட்ட விரும்பாத பேச்சாளர் இவ்வமைப்புகளைப் பயன்படுத்திச் சிறிது தொலைவு செல்லலாம். ‘வந்தது யார், என்ன வேண்டும்’ என்பதைச் சொல்லிவிடலாம். ‘வந்து என்ன செய்தார்’ என்று தொடர்ந்ததும் ஏதேனும் ஓர் ஈற்றைத் தேர்ந்தேயாக வேண்டும்.

மூன்று பகுதிகள், மூன்று சூழல்கள்

மயிலாப்பூரின் மாட வீதிகளைச் சூழ்ந்த பகுதிகளில் கேட்கப்படும் பிராமணர் பேச்சு வழக்கில் ‘அவர்கள்’ என்பது ‘அவா’ ஆகிறது. ‘அவா வந்தா’ என்பது பலரையோ மரியாதைக்குரிய ஒருவரையோ சுட்டும். ‘அவ வந்தா’ என்பது பெண் ஒருத்தியைச் சுட்டும். இரண்டிலும் வினை ஒன்றே. பெயரின் உயிர் நீட்சி மட்டுமே வேறுபாடு. இவ்வழக்கில் ‘அப்பா சொன்னார்’, ‘அம்மா சொன்னா’ என்பன இயல்பான தொடர்கள். தந்தைக்கு மரியாதை ஈறு தனித்து ஒலிக்கிறது. தாய்க்கு வரும் ஈறு பெண்பால் ஒருமையோடு ஒன்றிவிடுகிறது. நகரின் பிற வழக்குகளில் ‘அப்பா சொன்னாரு’ என்பதற்கு இணையாக ‘அம்மா சொன்னாங்க’ என்பதும் ‘அம்மா சொல்லுச்சு’ என்பதும் வழங்குகின்றன. தாய்க்கும் தமக்கைக்கும் அஃறிணை வினை வருவது நெருக்கத்தின் அடையாளம். ஆயினும் தந்தைக்கு அந்நெருக்கம் அத்துணை எளிதாக நீட்டப்படுவதில்லை.

தியாகராய நகரின் கடைத்தெருக்களில் மரியாதை வணிகத்தின் பகுதி. விற்பனையாளர் தம் உடன்பணியாளரிடம் ‘சார் கேட்கிறாரு’, ‘மேடம் கேட்கிறாங்க’ என்பார். இரண்டிலும் மரியாதை உண்டு, பாலும் உண்டு. ‘கஸ்டமர் வந்திருக்காங்க’ என்னும்போது மட்டும் பால் மறைகிறது. ‘கஸ்டமர்’ போன்ற ஆங்கிலத் தொழிற்பெயர்கள் பால் காட்டாதவையாதலால், பொதுவான ஈறு அவற்றோடு எளிதில் பொருந்துகிறது.

அடையாறு போன்ற பகுதிகளின் மருத்துவமனைகளிலும் அடுக்ககங்களிலும் முன்பின் அறியாதவரைப் பற்றிப் பேசவேண்டிய தேவை மிகுதி. ‘டாக்டர் வந்துட்டாரா?’ என்று கேட்பவர் மருத்துவர் ஆண் எனக் கொண்டு கேட்கிறார். ‘வந்துட்டாங்களா?’ என்றால் பால் திறந்து நிற்கிறது. ஆனால் ஆணுக்குத் தனி ஈறு இருப்பதால், கேட்பவர் பெண் மருத்துவர் என்று கருதும் வாய்ப்பும் உள்ளது. ‘அவங்க’ முற்றிலும் பொதுவானதன்று என்பதை இது காட்டுகிறது. எனினும் பன்மைக்கும், பெண்ணுக்கும், மிக்க மரியாதைக்குரிய ஆணுக்கும் அது வருதலின், ‘அவரு’ என்பதைவிடப் பொதுமைக்கு அண்மையில் உள்ளது.

அதே அடுக்ககத்தில் ஓட்டுநரும் காவலரும் வீட்டுவேலை செய்பவரும் சுட்டப்படும் முறை வேறு. ‘டிரைவர் வந்துட்டாரு’ என்பதும் ‘வந்துட்டான்’ என்பதும் ஒரே மனிதரைப் பற்றி இரு வீடுகளில் ஒலிக்கலாம். ‘வேலை செய்றவங்க’ என்பதும் ‘வேலைக்காரி’ என்பதும் அவ்வாறே. முதற்சொல்லில் பால் இல்லை, இரண்டாவதில் உண்டு. மரியாதை நீங்கியதும் பால் வெளிப்படுகிறது. மருத்துவரின் பால் தெரியாமல் இருக்கலாம். வேலை செய்பவரின் பால் தெரிந்தே ஆகவேண்டும் என்பது போன்ற நிலை இலக்கணத்தின் வழியே உருவாகிறது.

‘அது’ என்னும் சொல்லும் திருநரும்

இப்பிணைப்பின் கடுமையை மிகுதியாக எதிர்கொள்பவர் திருநர். ஒரு திருநங்கையை ‘அவன்’ எனும்போது அவரது பாலினமும் மரியாதையும் ஒரே ஈற்றால் மறுக்கப்படுகின்றன. ‘அது’ எனும்போது திணையே மறுக்கப்படுகிறது. குழந்தையை ‘அது தூங்குது’ என்பதிலுள்ள உவப்பும், திருநரை ‘அது’ என்பதிலுள்ள இழிப்பும் வடிவத்தில் ஒன்றே. சூழலே அவற்றைப் பிரிக்கிறது.

இதற்கு இலக்கணச் சான்று காட்ட முயல்வோர் இரு நூல்களின் வேறுபாட்டைக் கருதவேண்டும். தொல்காப்பியர் பேடி முதலான சொற்களை உயர்திணையில் வைத்து, அவற்றுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைப் பால் ஈறுகளை ஏற்கும் என்றும் கூறுகிறார். பிற்பட்ட நன்னூலே அத்தகையோரைக் குறிக்கும் சொற்கள் அஃறிணை போன்றும் வரும் என இடமளிக்கிறது. எனவே, ‘அது’ என்பது தொன்மையான தமிழ் மரபு என்னும் கூற்றுக்குத் தொல்காப்பியத்தில் ஆதரவில்லை.

2008இல் தமிழ்நாட்டில் அரவாணிகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. பின்னர்த் ‘திருநங்கை’ என்னும் பெயர் பெருவழக்காயிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் சுஷ்மா வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணையும், அதைத் தொடர்ந்த ஆணைகளும் மரியாதைக்குரிய சொற்களின் தேவையை வலியுறுத்தின. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் உரிய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இவை பெயர்ச்சொற்களைத் திருத்திய முயற்சிகள். ‘திருநர்’ என்னும் சொல்லிலேயே ‘அர்’ ஈறு அமைந்து பால் பொதுமையையும் மரியாதையையும் ஒருங்கே தருகிறது. ஆனால் படர்க்கைப் பெயரும் வினை ஈறும் அரசிதழால் மாறுபவை அல்ல. ‘திருநங்கை வந்தது’ என்று ஒருவர் சொல்வாராயின், புதிய பெயர் தந்த மதிப்பைப் பழைய வினை பறித்துக்கொள்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன புலப்படுகின்றன.

1. உயர்திணையில் பால் காட்டா ஈறு பன்மைக்கே உரியது. ஒருமையில் அது மரியாதை வழியாகவே வந்து சேர்ந்தது.

2. எழுத்தில் ‘அவர்’ இருபாலுக்கும் பொது. சென்னைப் பேச்சில் ‘அவரு’ ஆண்பாலைச் சார்ந்துவிட்டதால், பொதுமைப் பணியை ‘அவங்க’, ‘ஒருத்தங்க’ ஆகியன ஏற்றுள்ளன.

3. பால் காட்டாமை மரியாதையோடு பிணைந்திருப்பதால், சமூகத்தில் மரியாதை பெறாதவரே பால் குறித்துச் சுட்டப்படுகின்றனர்.

இம்முடிவுகள் களஆய்வாளருக்கும் ஒரு கடமையை உணர்த்துகின்றன. தகவலாளர் ‘அவங்க’ என்று கூறியதை ‘அவள்’ என்று எழுதினால், அவர் தந்த மரியாதையும் அவர் காட்டாமல் விட்ட பாலும் ஆய்வேட்டில் மறைந்துவிடும். எழுத்திலுள்ள ‘அவர்’ என்பதை ஆங்கிலத்தில் ஆண்பாலாகவே பெயர்ப்பதும் இத்தகைய இழப்பே. பேச்சு வடிவத்தை உள்ளவாறே பதிவுசெய்து, பின்னர் விளக்குவதே முறை.

தமிழுக்குத் தேவை புதியதொரு சொல் அன்று. இருக்கும் சொல்லை யார்யாருக்கு வழங்குகிறோம் என்பதே வினா. மருத்துவருக்கும் அமைச்சருக்கும் தயக்கமின்றி வரும் ‘அவங்க’ என்னும் சொல், வீட்டுவேலை செய்பவருக்கும் திருநருக்கும் அவ்வாறே வருமாயின், பால் காட்டாமை தமிழில் சலுகையாக அன்றிப் பொது வழக்காக நிலைபெறும்.