ஃபர்ரி ஆர்ட் என்றால் என்ன? எண்ணூர் கூழைக்கடாவும் ஒரு 'கேரக்டர்' ஆகுமா?

நரி முகம், மனித உடம்பு, ஜீன்ஸ் பேன்ட், காதில் ஹெட்போன். பிள்ளையின் செல்போனில் இப்படி ஒரு படத்தைப் பார்த்தால், "என்னடா இது கண்றாவி?" என்று பெற்றோர் கேட்பது இயல்புதான். இதற்குப் பெயர் ஃபர்ரி ஆர்ட். பயப்படும் முன் இது என்னவென்று தெரிந்துகொள்வோம்.

ஃபர்ரி என்றால் யார்?

மனிதரைப் போல நடந்து, பேசி, உடுத்தும் விலங்குக் கதாபாத்திரங்களின் ரசிகர்கள்தான் ஃபர்ரிகள். 1980களில் அமெரிக்க காமிக்ஸ், அறிவியல் புனைகதை ரசிகர்களிடையே இந்த ஆர்வம் வளர்ந்தது. பிட்ஸ்பர்க் நகரில் 2024ல் நடந்த ஆந்த்ரோகான் மாநாட்டுக்கு 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்தனர்.

ஒருவர் தனக்கென உருவாக்கும் விலங்கு கேரக்டர் 'ஃபர்சோனா' எனப்படுகிறது. "இவங்க தங்களை விலங்குன்னே நம்புறாங்க" என்பது தவறான புரிதல். பெரும்பாலானோருக்கு இது ஒரு வேடம், ஒரு ஓவியம், அவ்வளவுதான்.

நமக்கு இது புதுசா?

இல்லை. சிவன் கோயில் உற்சவங்களில் வரும் அதிகார நந்திக்குக் காளை முகம், மனித உடல். புலியாட்டத்தில் மனிதர் உடம்பில் புலி வரி. 2022 செஸ் ஒலிம்பியாட்டின் 'தம்பி', வேட்டி சட்டையில் வணக்கம் சொன்ன குதிரை. அவரை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை.

முகத்தை ஏன் மறைக்க வேண்டும்?

நெட்டில் முகத்தைக் காட்டினால் நிறம், உடம்பு பற்றி கமென்ட் வரும். ஊரைச் சொன்னால் அதற்கும் வரும். "வடசென்னையா? ரவுடி ஏரியாவாச்சே!" என்ற பேச்சு ராயபுரம், திருவொற்றியூர் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. ஃபர்சோனாவில் முகம், பெயர், நிறம் எல்லாமே அவரவர் தேர்வு. அங்கே முதலில் பேச்சு வருவது படத்தைப் பற்றித்தான். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது துணிச்சல் தருகிறது.

வரையக் கற்க இது எப்படி உதவும்?

ஒரே கேரக்டரை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மாற்றி மாற்றி வரைய வேண்டும். சிரிப்பு, கோபம், அழுகை எல்லாம் அதே முகத்தில் வர வேண்டும். இதுவே தினசரிப் பயிற்சி ஆகிவிடும்.

உடற்கூறும் தெரிந்தாக வேண்டும். உதாரணமாக, நாயின் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்பது முழங்கால் அல்ல, குதிகால். நாய் விரல்களால்தான் நடக்கிறது. இது புரிந்தால் கால் வரைவது எளிது. பென்சிலும் நோட்டும் போதும். செல்போனில் வரைய ஐபிஸ்பெயின்ட் போன்ற ஆப்கள் உள்ளன.

முறையாகப் படிக்க விரும்பினால், 1850ல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையிலேயே, எழும்பூர் அருகே இருக்கிறது.

எந்த விலங்கை வரையலாம்?

ஃபர்ரி உலகில் ஓநாயும் நரியும்தான் அதிகம். ஆனால் கண்ணால் பார்த்து வரைவதே நல்ல பயிற்சி. காசிமேட்டில் மீனுக்குக் காத்திருக்கும் பூனை இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் நண்டும் கூழைக்கடாவும் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் அப்போது செய்திகளில் வந்தன. அந்தப் பறவைக்கு ஒரு முகமும் பெயரும் கொடுத்து வரைந்தால், ஊரை மறைக்காமலே ஊரின் கதையைச் சொல்லலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* ஃபர்ரி ஆர்ட்டில் வயது வந்தோருக்கான படங்களும் உண்டு. பிள்ளைகளின் கணக்கில் வயதுக் கட்டுப்பாட்டை ஆன் செய்யுங்கள்.
* உண்மைப் பெயர், பள்ளி, தெரு, போட்டோ எதையும் பகிர வேண்டாம்.
* "படம் வரைஞ்சு தர்றேன், அட்வான்ஸ் அனுப்புங்க" என்று அறிமுகமில்லாதவர் கேட்டால் உஷார். பணம் போய்விட்டால் 1930க்கு உடனே அழையுங்கள்.
* யாராவது பிள்ளையை மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098.

போனைப் பிடுங்குவதற்கு முன், "இது யாரு? பேரு என்ன?" என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். நேரில் பேசத் தயங்கும் பிள்ளைகூட, தன் கேரக்டரைப் பற்றிக் கேட்டால் பேசத் தொடங்கலாம்.