'முன் அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் செய்துவந்த நாங்கள் 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தோம். 2009இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆனால் எல்லோருக்கும் அல்ல. காணியில்லாத கமக்காரன் வேலை தேடத்தானே வேண்டும்? எங்களில் பலர் தலை நரைக்கத் தொடங்கிய வயதில்தான் முதன்முதலாக நேர்முகப் பரீட்சைக்குப் போனோம்.

விண்ணப்பப் படிவத்தில் 'முன் அனுபவம்' என்று ஓர் இடம் இருக்கும். ஒரு நிறுவனத்தில் அதைப் பார்த்த லிகிதர், "கமம்தானே ஐயா? 'இல்லை' எண்டு போடுங்கோ" என்றார். இருபது வருடம் மண்ணோடு மல்லுக்கட்டியவருக்கு அனுபவம் இல்லையாம்!

அடுத்த இடத்துக்குப் போகுமுன் நாலைந்து பேர் திண்ணையில் கூடியிருந்து, கமத்தில் செய்தவற்றைச் சொல்லச் சொல்ல, எங்கள் பிள்ளையொருத்தி கொப்பியில் எழுதினாள். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அதைச் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியது. கூலியாட்களின் கணக்கு வைத்தது. மருந்தை அளவாகக் கலந்தது. விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தொங்கவிட்டு அழுகாமல் காத்தது. இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.

பின்னர் எங்களில் ஒருவர் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்குப் போனார். மேசைக்கு அப்பால் மூவர். "நெல் மூடை ஈரமாக வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள்.

"நெல்லைப் பல்லிலை கடிச்சுப் பாப்பன். ஈரமெண்டால் விரிச்சுக் காயவிட்டுத்தான் அடுக்குவன். சுவரோடை முட்ட அடுக்கமாட்டன்."

வேலை அவருக்கே கிடைத்தது. பெண்களிடம் மட்டும் "பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள். ஆண்களிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை.

போகத்துக்குப் போகம் காசு கண்ட எங்களுக்கு மாதச் சம்பளம் புதிது. சம்பளம் எவ்வளவு என்பதோடு ஊழியர் சேமலாப நிதி பற்றியும் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதத்தை முதலாளியே கட்டவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஓரிடத்தில் "ஆறு மாதம் போகட்டும், பார்ப்போம்" என்றார்கள். அது சரியல்ல, வேலை தொடங்கிய நாளிலிருந்தே அது உங்களுக்கு உரியது.

சான்றிதழ் கேட்கும் இடங்களும் உண்டு. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் தொழில் பழகியவரும், மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது அடையாள அட்டையுடன், இப்படியொரு கொப்பியையும், உங்களிடம் வேலை செய்வித்தவர் தந்த கடிதம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.