எட்டும் பதின்மூன்றும்
(தொடர் – 9)

மனிதன் எழுதும் நிரலை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தரும் கம்பைலர் என்னும் சாதனத்தைச் சென்ற வாரம் பரிசயம் செய்துகொண்டோம். பழகிய கம்பைலரை விட்டு வேறொன்றுக்குப் போக நேர்ந்தால் என்ன நிகழும் என்பதை, வேதாரண்யத்தில் படிக்கும் ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வாரம் எழுதுகிறேன்.

1987-ஆம் வருஷத்தில் இரண்டு கம்பைலர்கள் தோன்றின. போர்லண்ட் நிறுவனம் விற்ற டர்போ சி ஒன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் யாவருக்கும் பொதுவாக வழங்கிய ஜிசிசி மற்றொன்று. நம் கல்விச்சாலைகளில் வேரூன்றியது முன்னதே. 16 பிட் டாஸ் காலத்துக்கென்று அமைந்த அது 64 பிட் விண்டோஸில் நேரே இயங்காமற் போன பின்னரும், டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளின் துணைகொண்டு அதனைக் காத்து வந்தோம். 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலோ, டெவ் சி++ என்னும் மென்பொருள் வழியாகப் பிள்ளைகளை ஜிசிசியிடம் கொண்டு சேர்த்தது. நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யக் கரையில் ஏறி மின்கம்பங்களை முறித்துப் போட்ட அதே கல்வியாண்டு அது. நூலில் ஒரு விதமாகவும் அண்ணனின் பழைய நோட்டில் வேறு விதமாகவும் நிரல் இருக்க, எது சரியென்று இயக்கிப் பார்க்க மின்சாரமும் இல்லாத பிள்ளையின் சங்கடத்தை நகரத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

'வாய்டு மெயின்', ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்வரும் 'டாட் ஹெச்', திரையைத் துடைக்கும் கட்டளை ஆகிய பழைய பிரயோகங்களைப் புதிய கம்பைலர் ஏற்பதில்லை. அவை அந்தக் கால வழக்கமோ போர்லண்டின் சொந்த ஏற்பாடோ ஆகுமேயன்றி, சி++ மொழிக்கென 1998-இன் சர்வதேச நியமம் வகுத்த இலக்கணம் ஆகா. பிழை இன்ன வரியில் என்று கம்பைலரே சொல்லிவிடுவதால் இவற்றைத் திருத்துவது சுலபம்.

அது சொல்லாமல் விடும் மாற்றமே என் கவலை. ஊருக்கு ஊர் மரக்காலின் கொள்ளளவு வேறுபட்டதுபோல, முழு எண் வைக்கும் 'இன்ட்' என்ற இடம் டர்போ சியில் இரண்டு பைட். ஜிசிசியில் சாதாரணமாக நான்கு. முன்னதில் 32,767-க்கு மேல் கொள்ளாது. 1 முதல் 8 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் வரவேண்டிய 40,320-க்குப் பதிலாக அது −25,216 என்று காட்டும். பெருக்கலில் கழித்தற்குறி எப்படி வந்தது என்று மாணவன் திகைத்துக் காரணம் தேடுவான். ஜிசிசியில் 12 வரை யாவும் சரியாக வரும். 13 வரை பெருக்கினாலோ, 622 கோடியைத் தாண்ட வேண்டிய விடை பெரும்பாலும் 193 கோடியே சொச்சமாக வந்து நிற்கும். கழித்தற்குறி இல்லை, எச்சரிக்கை இல்லை. அத்தனை பெரிய எண்ணைக் கண்டு சந்தேகிக்க எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? ஆகையால், செய்முறை வகுப்பில் எட்டோடு நிறுத்தாமல் பதின்மூன்றையும் போட்டுக் காட்டும்படி ஆசிரியர்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

'லாங் லாங்' என்று அறிவித்தால் 20 வரை நீளும். 21-இல் அதுவும் தவறும். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தான் இந்த எல்லையை எவ்விதம் கடக்கிறது என்பதை அடுத்த வாரம் காண்போம்.