பழைய அம்பாசடர் கார்களில் மின்னழுத்தக் குறைபாடு

பழைய அம்பாசடர் கார்களில் மின்னழுத்தக் குறைபாடு என்பது, பேட்டரி, டைனமோ, கட்டவுட், எர்த் இணைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சரிவர இயங்காததால் 12 வோல்ட் மின்சுற்றுக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காத நிலையாகும். முகப்பு விளக்கு மங்குதல், ஹாரன் ஒலி குறைதல், செல்ஃப் மோட்டார் சுற்றாமை ஆகியவை இதன் அறிகுறிகள். பல நேரங்களில் பேட்டரியே பழுதெனக் கருதப்பட்டுப் புதியது வாங்கப்படுகிறது. குறை வேறிடத்தில் இருந்தால் புதிய பேட்டரியும் சில நாட்களில் இறங்கிவிடும்.

பின்னணி

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடரை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் 2014 வரை தயாரித்தது. பழைய வண்டிகளில் மின்னேற்றத்திற்கு டைனமோ இருந்தது. பின்னர் ஆல்டர்னேட்டர் வந்தது.

டைனமோவின் இயல்பு

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவால் பேட்டரிக்கு மின்னேற்ற இயலாது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் வண்டியில் பேட்டரி ஏறும். அதே வண்டி, ஆடிப்பூரத் தேரோட்ட நாளின் நெரிசலில் விளக்கெரிய ஊர்ந்து சென்றால் பேட்டரி இறங்கும். அப்போது சிவப்பு எச்சரிக்கை விளக்கு மின்னுவது மட்டும் பழுதைக் குறிக்காது. வேகம் கூடியபின்பும் அது அணையாவிட்டால் ஆராய வேண்டும்.

ஆய்வு முறை

1. பேட்டரி: வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தியபின் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம், 12.0 என்பது ஏறத்தாழ கால் பங்கே. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம்.

2. எர்த்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் உலோகத்திற்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருவோ தளர்ந்த இணைப்போ தடையாக உள்ளது. முனைகளைச் சுரண்டி இறுக்கினால் போதும்.

3. பேன் பெல்ட்: தளர்ந்த பெல்ட் வழுக்கும், டைனமோ உரிய வேகத்தில் சுற்றாது.

4. டைனமோ: அதன் இரு கம்பிகளையும் கழற்றி, இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு அளக்க வேண்டும். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டும்போது மின்னழுத்தம் தடங்கலின்றி உயர்ந்தால் டைனமோ நல்ல நிலையில் உள்ளது. 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. உயராவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என முதலில் பார்க்க வேண்டும்.

5. கட்டவுட்: மேற்கண்ட அனைத்தும் சரியாக இருந்து, கம்பிகளைத் திரும்ப மாட்டி வேகத்தைக் கூட்டியும் பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் உயராவிட்டால், இணைப்புக் கம்பிகளையும் கட்டவுட்டின் தொடுமுனைகளையும் ஆராய வேண்டும்.

எச்சரிக்கை

ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது டையோடுகளைக் கெடுக்கும். பழைய பிரித்தானிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த்தாக இருந்தது. எனவே பேட்டரி மாற்றும் முன் எந்த முனை எர்த் என்பதை உறுதிசெய்ய வேண்டும்.